ஒன்பது மட்டும் வரவில்லை

“ஒன்பது மட்டும் வர மாட்டேங்குதும்மா” என்றார் அம்மா.

கடந்த ஆண்டு மார்ச் மாதம். கோலாலம்பூரில் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, வழக்கம்போல் பாகான் செராயில் இருக்கும் அம்மாவை அழைத்தேன். நாள்தோறும் 10 மணிக்கு மேல் அழைப்பேன். பசியாறிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அங்கே மழையா வெயிலா என்று மூன்றே கேள்விகள். அன்று அம்மாவின் குரல் சரியில்லை. குரலை வைத்துப் பிழைக்கிறவள் நான். எதிர்முனையில் இருப்பவர் இரவெல்லாம் தூங்கவில்லை என்பதை அவர் ‘ஹலோ’ சொல்லும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். முந்தைய இரவு 2 மணி வாக்கில் அம்மாவுக்குச் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கிவிட்டது. பல ஆண்டுகளாக இனிப்புநீர் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர். உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, விழித்துக்கொண்டிருக்கிறார். தலைமாட்டில் இருந்த கைத்தொலைபேசியை எடுத்திருக்கிறார். கண்ணழுத்த நோயால் பார்வை மங்கல். மூக்குக்கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை. ஈர விரலுக்குத் திரை எங்கெங்கோ போனதே தவிர, எண் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, பழைய பொத்தான் தொலைபேசியை எடுத்து, இருட்டிலேயே என் எண்ணை அழுத்தியிருக்கிறார். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று மலாயில் ஒரு பெண் குரல் பதில் சொல்லியிருக்கிறது. மறுபடியும் அழுத்தியிருக்கிறார். அதே குரல். பிறகு 999. அதற்கு எந்தப் பதிலும் இல்லை.

அதற்குமேல் முடியாமல், சமையலறையில் சீனி டப்பாவைத் தேடிப் பிடித்து, ஒரு கை சீனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சுபூ தொழுகைக்கு எழுந்த பக்கத்து வீட்டு மக்சிக், எங்கள் வீட்டு விளக்கு எரிவதைப் பார்த்து வந்து கதவைத் தட்டினாராம்.

என் கைத்தொலைபேசி எண்ணில் இரண்டு ஒன்பதுகள் இருக்கின்றன. அவசர எண்ணில் மூன்று. அந்தத் தொலைபேசியில் ஒன்பது எப்போது செத்துப் போனது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நான்தான் எப்போதும் அழைப்பேன். மணி அடிக்கும், அம்மா எடுப்பார், பேசுவோம். வருகிற அழைப்புக்குப் பொத்தான் தேவையில்லை அல்லவா? அதனால் பெட்டி நன்றாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

தோட்ட ஆபீஸிலிருந்து வந்த பெட்டி

அந்த வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆலோர் பொங்சு டோலைத் தாண்டும் வரைக்கும் மனத்தில் ஒரே எண்ணம்தான்: புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிட வேண்டும். முதியவர்களுக்கென்றே பெரிய பொத்தான்கள் வைத்த தொலைபேசிகள் நூறு வெள்ளிக்குள் கிடைக்கின்றன. வழியிலேயே ஒன்றை வாங்கிவிட்டேன்.

அம்மா அதைத் தடவிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பெட்டியிலேதான் என் விரலுக்கு வழி தெரியும்” என்றார்.

எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஒரு கதை உண்டு. அம்மா பால்மரம் வெட்டிய தோட்டத்தில் இரண்டே இரண்டு தொலைபேசிகள்தான். ஒன்று ஆபீஸில், மற்றொன்று மானேஜர் பங்களாவில். லயத்து மக்களுக்குத் தொலைபேசி என்றால் சாவுச் செய்தி. கிராணி சைக்கிளில் வந்து லயத்து வாசலில் இறங்கினாலே பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்களாம். 1986-இல் தாத்தா ஆஸ்பத்திரியில் இறந்தபோது, செய்தி இரவே ஆபீஸுக்கு வந்துவிட்டது. லயத்துக்கு வந்தது மறுநாள் காலைப் பெரட்டு முடிந்த பிறகு. அதற்குள் அம்மா உளியோடும் வாளியோடும் நிரைக்குப் போய்விட்டார்.

தோட்டம் கைமாறி, ஆபீஸைக் காலி செய்தபோது, பழைய சாமான்களோடு அந்தத் தொலைபேசியும் வெளியே வந்தது. அப்பா அதைக் கிராணியிடமிருந்து 10 வெள்ளிக்கு வாங்கினார். அப்போது எங்களுக்கு லைன்கூடக் கிடையாது! ஜபாத்தான் டெலிகோம் என்ற அரசாங்க இலாகா 1987-இல் நிறுவனமாக மாறியது. அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1994-இல், பாகான் செராய் தாமான் வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் எங்களுக்கு லைன் கிடைத்தது. லாச்சியில் கிடந்த பெட்டியை அப்பா எடுத்து மாட்டினார். முதல் அழைப்பு யாருக்கு என்று அம்மாவிடம் கேட்டாராம். “யாருக்கும் வேணாம். மணி அடிக்குதான்னு மட்டும் பாருங்க” என்றாராம் அம்மா.

தாத்தாவின் செய்தி வந்த பெட்டி இதுதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அப்பா இப்போது இல்லை. புதுப் பெட்டியை மேசையின் ஒரு மூலையில் வைத்துவிட்டு, பழையதைப் பழுது பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் கடைக்குத்தான் கொண்டுபோனேன். மின்சாதனக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனி சுடா லாமா, பாராங் தாக் அடா லா” என்றார். இது பழசு, இதற்கு உதிரிப்பாகம் கிடையாது என்று பொருள். ஆனால் நான் கிளம்பும்போது கூப்பிட்டு, ஒரு சிறிய போத்தல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எடுத்துக் கொடுத்து, “சூச்சி டூலு” என்றார். முதலில் கழுவிப் பார்.

திறப்பதற்கு முன்

எனக்கு ஊடகப் படிப்புதான், மின்னியல் படித்ததில்லை. வானொலி நிலையத்தில் ஒலிவாங்கி வயர் அறுந்தால் பற்றவைக்கத் தெரியும், அவ்வளவுதான். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அங்கிள் தைப்பிங்கில் இருக்கிறார். அவரை அழைத்தேன். அந்தத் தலைமுறைத் தமிழர்களில் ரயில்வேயிலும் தபால், தந்தி, தொலைபேசி இலாகாக்களிலும் வேலை பார்த்தவர்கள் பலர்.

“லைனைக் கழற்றிட்டியா? அதைச் செய்யாம திருப்புளியைத் தொடாதே” என்றார் அவர்.

காரணம் இருக்கிறது. பழைய செம்புக் கம்பி லைனில், யாரும் பேசாத நேரத்திலும் 50 வோல்ட் அளவுக்கு நேர்மின்னழுத்தம் இருக்கும். மணி அடிக்கும்போது அதன்மேல் 75 வோல்ட்டும் அதற்கு மேலும் மாறுமின்னழுத்தம் வந்து சேரும். கை வைத்திருக்கும் நேரம் பார்த்து யாராவது அழைத்தால் நன்றாகவே உதறும். இடி மின்னல் நேரத்தில் கம்பி வழித் தொலைபேசியைத் திறக்கவே கூடாது.

பழைய தொலைபேசி ஊமையானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்டியை அல்ல, வயரை என்றார் அங்கிள். ரிசீவரையும் பெட்டியையும் இணைக்கும் சுருள் வயர்தான் அதிகமாக இழுபடுவது. உள்ளே இழை அறுந்தால் குரல் விட்டு விட்டு வரும். அது சில வெள்ளிக்குக் கிடைக்கும். மாற்ற அரை நிமிடம் போதும். அடுத்தது, ரிசீவரை வைக்கும் இடத்தில் மேலும் கீழும் போகும் கொக்கி விசை. அதன் உலோக நாக்குகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் டயல் டோன் வராது. எங்கள் பெட்டியில் இரண்டும் நன்றாகவே இருந்தன. டயல் டோன் வந்தது, குரலும் தெளிவு. ஆகவே சிக்கல் பொத்தான் பலகையில்தான்.

ஒரு பொத்தானுக்கு இரண்டு சுரங்கள்

இந்த இடத்தில் என் தொழில் கைகொடுத்தது.

பழைய சுழல்வட்டத் தொலைபேசி நினைவிருக்கிறதா? துளையில் விரலை விட்டுச் சுற்றி விடுவோம். வட்டம் திரும்பி வரும்போது, எண்ணுக்கு ஏற்றபடி லைன் அத்தனை முறை துண்டாகித் துண்டாகிச் சேரும். ஒன்றுக்கு ஒரு துடிப்பு, ஒன்பதுக்கு ஒன்பது, சுழியத்துக்குப் பத்து. நொடிக்குச் சுமார் பத்துத் துடிப்பு என்பதால் நீளமான எண்ணைச் சுற்றி முடிப்பதற்குள் விரல் வலித்துவிடும்.

அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவில் பொத்தான் தொலைபேசியை வாடிக்கையாளர்களுக்கு அறிமுகப்படுத்தியது. துடிப்புகளுக்குப் பதில் சுரங்கள். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தும்போது இரண்டு சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும். பலகையின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தாழ்ந்த சுரம்: 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு நெடுக்குப் பத்திக்கும் ஓர் உயர்ந்த சுரம்: 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். ஐந்தை அழுத்தினால் 770-உம் 1336-உம் கலந்து வரும். ஒன்பதுக்கு 852-உம் 1477-உம். ஒரே சுரம் என்றால் மனிதக் குரலோ பின்னணி இசையோ தற்செயலாக அதைத் தொட்டுவிடலாம். இரண்டு குறிப்பிட்ட சுரங்கள் ஒரே நேரத்தில் தற்செயலாக வருவது அரிது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

பொத்தான்களை அடுக்குவதற்கும் ஆராய்ச்சி செய்தார்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்லின் என்ற உளவியலாளரின் குழு, பல வகை அடுக்குகளை மனிதர்களிடம் கொடுத்து, எதில் விரல் வேகமாகப் போகிறது, எதில் தவறு குறைகிறது என்று பார்த்தது. கணக்குப் பொறியில் 7, 8, 9 மேலே இருக்கும்; தொலைபேசியில் 1, 2, 3 மேலே இருக்கும். அந்த அடுக்குதான் இன்றைக்கு உங்கள் கைத்தொலைபேசித் திரையிலும் இருக்கிறது. எங்கள் பெட்டியில் ஐந்தின் மேல் ஒரு சிறு புள்ளி புடைத்திருக்கும். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துத்தான் மற்ற எண்களைக் கண்டுபிடிப்பார். கீழே ஒன்று, வலப்பக்கம் ஒன்று; அதுதான் ஒன்பது.

அங்கிள் சொன்னபடி, 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து, நடுவில் 470 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டு, தொலைபேசியின் லைன் முனைகளில் கொடுத்தேன். லைன் இல்லாமலே பெட்டி உயிர்பெற்றது. ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, ரிசீவரில் வந்த ஒலியைப் பதிவு செய்தேன். பிறகு, நிலையத்தில் விளம்பரங்களையும் பேட்டிகளையும் வெட்டி ஒட்டும் அதே மென்பொருளில் அதைத் திறந்து அலைவரிசைப் படத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டிரண்டு பளிச்சென்ற கோடுகள். ஒன்பது இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் இருட்டு.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைத்தது. எட்டு வேலை செய்கிறது. ஆகவே 852 நன்றாக இருக்கிறது. மூன்றும் ஆறும் வேலை செய்கின்றன. ஆகவே 1477-உம் நன்றாக இருக்கிறது. சில்லில் பழுது இல்லை. வரிசைத் தடமும் பத்தித் தடமும் அறுபடவில்லை. அவை சந்திக்கும் அந்த ஓர் இடத்தில் மட்டும் தொடர்பு இல்லை. நேயர்களே, உங்கள் பெட்டியில் ஒரு முழு வரிசையோ, 3, 6, 9 போல ஒரு முழுப் பத்தியோ செத்திருந்தால், தடம் அறுந்திருக்கலாம், அல்லது பற்றவைப்பு விட்டிருக்கலாம். ஒரே ஒரு பொத்தான் என்றால் பெரும்பாலும் அழுக்குதான்.

கித்தாவா, இல்லையா?

பெட்டியின் அடியில் இருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே முப்பது ஆண்டுத் தூசி, இரண்டு பல்லி முட்டை ஓடுகள், காய்ந்த எறும்புகள். நெல்வயல் பக்கத்து வீடு. ஈரக் காற்றும் எறும்பும் இல்லாத நாள் கிடையாது. எந்த வயர் எங்கே போகிறது என்று கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். இதை மறக்காதீர்கள். கழற்றும்போது எல்லாம் ஞாபகம் இருக்கும் என்றுதான் தோன்றும்.

பொத்தான் பலகையைப் பிரித்தால், நடுவில் பன்னிரண்டு குமிழ்கள் வைத்த ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு குமிழின் அடியிலும் ஒரு கறுப்புப் பொட்டு. அது கார்பன் கலந்தது; மின்சாரத்தைக் கடத்தும். பொத்தானை அழுத்தினால் குமிழ் அமுங்கி, அந்தப் பொட்டு கீழே பலகையில் இருக்கும் இரண்டு தடங்களையும் சேர்க்கும். விட்டால் ரப்பர் துள்ளி எழும்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து விரிப்பை விரலால் நீவினார். “கித்தாவா?”

“இல்லம்மா. இது சிலிக்கான் ரப்பர். மரத்திலேருந்து வர்றது இல்லை.”

“அதானே, நம்ம கித்தாவா இருந்தா இத்தனை வருசத்துல பிசுபிசுன்னு ஆயிருக்குமே” என்றார். மரத்தோடு வாழ்ந்தவருக்கு அது தெரியும்.

ஆனால் தொலைத்தொடர்புக்கும் நம் நாட்டு மரப்பாலுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. நாம் சொல்லும் ‘கித்தா’, மலாயின் ‘கெதா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதே சொல்லிலிருந்துதான் ‘கட்டா பெர்ச்சா’ என்று ஆங்கிலேயர் அழைத்த பிசினின் பெயரும் பிறந்தது. அது ரப்பர் மரத்துப் பால் அல்ல. மலாயாக் காடுகளில் வளர்ந்த வேறொரு மரத்தின் பால். சுடுநீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீரில் கெடாது, மின்சாரத்தைக் கசியவிடாது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இந்தப் பிசினைத்தான் உறையாகப் பூசினார்கள். 1866-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த கம்பிக்கும் அதுதான். 1870-இல் மதராசையும் பினாங்கையும் கடலடித் தந்திக் கம்பி இணைத்தது. அந்தத் தேவைக்காகவே இந்தப் பக்கத்துக் காடுகளில் அந்த மரங்கள் கணக்கில்லாமல் வெட்டிச் சாய்க்கப்பட்டன. உலகம் பேசிக்கொள்ளத் தேவைப்பட்ட பால் இந்த மண்ணிலிருந்து போயிருக்கிறது. அம்மா வேலை செய்த லயத்துக்கு மட்டும் செய்தி சைக்கிளில் வந்துகொண்டிருந்தது.

ரிமோட்டிலிருந்து ஒரு கறுப்புப் பொட்டு

ஒன்பதின் குமிழைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புப் பொட்டின் மேல் எண்ணெய் போன்ற ஒரு மினுமினுப்பு. பழைய சிலிக்கான் விரிப்புகளில் ஆண்டுகள் ஆக ஆக எண்ணெய்ப் பசை இப்படி வெளியே கசியும். அதோடு தூசியும் சேர்ந்தால் மின்சாரத்துக்கு அது சுவர். மீட்டரை வைத்து அளந்தேன். நல்ல பொட்டுகள் இருநூறு ஓமுக்குள் காட்டின. ஒன்பதில் மீட்டர் அசையவே இல்லை.

விரிப்பை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தினேன். தவுக்கே கொடுத்த ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பொட்டையும் பலகையின் தடத்தையும் மெதுவாகத் துடைத்தேன். அழுத்தித் தேய்க்கக் கூடாது. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். கார்பன் பூச்சு உரிந்து வந்துவிடும்.

மறுபடியும் பேட்டரியை இணைத்து ஒன்பதை அழுத்தினேன். ஒலித்தது! குதிக்காத குறை. “அம்மா, நீங்க அழுத்துங்க” என்றேன். அம்மா அழுத்தினார். சத்தம் வரவில்லை. இன்னும் அழுத்தினார். விட்டு விட்டு ஒரு கீச்சு.

என் விரல் வேறு, அம்மாவின் விரல் வேறு. நான் முழு பலத்தோடு அழுத்துகிறேன். மூட்டுவலியுள்ள விரலுக்கு அந்தப் பலம் இல்லை. அதுவும் சர்க்கரை இறங்கிய நள்ளிரவில் எங்கிருந்து வரும்? எனக்கு வேலை செய்தால் பழுது நீங்கிவிட்டது என்று நினைத்தது என் தவறு. பொட்டிலிருந்த கார்பனே தேய்ந்திருந்தது.

அங்கிள் இதற்கும் வழி சொன்னார். பழைய தொலைக்காட்சி ரிமோட்டிலும் இதே போன்ற ரப்பர் விரிப்பும் இதே போன்ற கறுப்புப் பொட்டுகளும்தான் இருக்கும். அதிகம் தொடாத பொத்தானிலிருந்து ஒரு பொட்டை மெல்லியதாகச் சீவி எடுத்து இங்கே ஒட்டிவிடலாம். சாதாரணப் பசை சிலிக்கானில் பிடிக்காது. சிலிக்கான் பசையே வேண்டும்.

அப்பாவின் பழைய ரிமோட் லாச்சியில் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ரிமோட்டை யாரும் தூக்கிப் போடவில்லை. எடுக்கலாமா என்று அம்மாவைப் பார்த்தேன். “அதை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறேன், எடு” என்றார். பொட்டை யார் சீவுவது என்பதில்தான் எனக்குக் கை நடுங்கியது. அம்மா பிளேடை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பார்வை மங்கல்தான். ஆனால் பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் மரத்துக்குக் காயம் படாது என்று இருபது வருடம் பழகிய கை அது. பக்கத்தில் நான் விளக்கைப் பிடித்திருந்தேன். விரல் நுனியால் தடவித் தடவி, தாள் கனத்துக்கு ஒரு பொட்டைச் சீவி என் உள்ளங்கையில் வைத்தார்.

ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். இப்போது ஒன்பதுக்கு ஒரு விரல் நுனி போதும்.

பெட்டியை மூடி லைனில் மாட்டியதும் இன்னொரு அதிர்ச்சி. டயல் டோன் வருகிறது, ஆனால் எந்த எண்ணை அழுத்தினாலும் டோன் நிற்கவில்லை. பன்னிரண்டு பொத்தான்களும் செத்துவிட்டனவா? அரை மணி நேரம் வியர்த்த பிறகுதான் கண்ணில் பட்டது: பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளுவிசை. ஒரு முனையில் ‘பி’, மறுமுனையில் ‘டி’. ‘பி’ என்பது பழைய துடிப்பு முறை. ‘டி’ என்பது சுர முறை. துடைக்கும்போது நானே அதை ‘பி’ பக்கம் தள்ளியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது செம்புக் கம்பி இல்லை, ஃபைபர்தான். இணையப் பெட்டியின் பின்பக்கத் துவாரத்தில்தான் தொலைபேசி செருகியிருக்கிறது. இப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றுக்குத் துடிப்பு மொழி தெரியாது. சுரம் மட்டுமே புரியும். விசையைத் திரும்பத் தள்ளினேன், சரியாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பழைய தொலைபேசி ஃபைபரில் எண் போகவில்லை என்றால், தூக்கிப் போடுவதற்கு முன் அந்த விசையைப் பாருங்கள்.

ஃபைபரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செம்புக் கம்பிக் காலத்தில் தொலைபேசிக்கான மின்சாரம் நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. ஊரே இருட்டில் இருந்தாலும் தொலைபேசி வேலை செய்யும். ஃபைபரில் அப்படி இல்லை. வீட்டில் மின்சாரம் போனால் இணையப் பெட்டி அணையும், தொலைபேசியும் ஊமையாகும். அதனால் இணையப் பெட்டிக்கென்று பேட்டரி உள்ள ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி வைத்தேன். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு அது வீண்செலவு இல்லை.

ஏன் அந்த எண் ஒன்பது?

பழுது பார்த்த நாள்களில் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அவசர எண்ணுக்கு ஏன் 999-ஐத் தேர்ந்தெடுத்தார்கள்? தேடிப் படித்தேன். 1935 நவம்பரில் இலண்டன் விம்போல் வீதியில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். பக்கத்தில் வசித்தவர் தீயணைப்புப் படையை அழைக்க முயன்றபோது, அவருடைய அழைப்பு தொலைபேசி நிலையத்தில் வரிசையில் காத்துக் கிடந்தது. அதைக் கண்டித்து அவர் பத்திரிகைக்கு எழுதினார். விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30 அன்று இலண்டனில் 999 நடைமுறைக்கு வந்தது. காற்றில் கம்பிகள் உரசினால் 1 போன்ற சிறிய எண்கள் தாமாகவே விழும். ஒன்பது துடிப்பு மூன்று முறை தாமாக விழாது. அதோடு, சுழல்வட்டத்தின் ஓரத்தில் இருப்பதால் இருட்டிலும் புகையிலும் விரலால் தடவி ஒன்பதைக் கண்டுபிடித்துவிடலாம். பிரிட்டிஷ் ஆட்சி வழியாக வந்த அந்த எண்ணைத்தான் இன்றைக்கும் போலீஸ், ஆம்புலன்ஸ், போம்பா எல்லாவற்றுக்கும் நாம் அழைக்கிறோம்.

இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் யோசித்து வைத்த எண். எங்கள் அம்மாவும் அன்றிரவு இருட்டில் தடவிச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். பொத்தான்தான் பதில் சொல்லவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அப்பா அம்மாவின் தொலைபேசியை நீங்கள் அழுத்திப் பார்க்காதீர்கள்; அவர்களை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டு பொத்தான்களையும், ஒவ்வொன்றாக. சோதனைக்காக 999-ஐ மட்டும் அழைக்காதீர்கள். ஒன்பது உள்ள வேறு எண்ணை அழைத்துப் பாருங்கள். என் எண்ணே இருந்தது எங்களுக்கு வசதியாகிவிட்டது.

அன்று மாலை நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். ஐந்தின் புள்ளியைத் தொட்டார். பத்து நொடியில் என் கையில் இருந்த தொலைபேசி அடித்தது. திரையில் ‘வீடு’ என்று வந்தது. எத்தனையோ மாதங்கள் கழித்து அந்தப் பெயரை நான் திரையில் பார்க்கிறேன். வாசலிலிருந்து ஹாலுக்கு இருபதடிதான். இருந்தாலும் எடுத்து “ஹலோ” என்றேன்.

“கேக்குதா?” என்றார் அம்மா.

“கேக்குதும்மா.”

இப்போதெல்லாம் 10 மணிக்கு நான் அழைப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை அணைக்கும்போதே ‘வீடு’ அடிக்கத் தொடங்கிவிடுகிறது. பசியாறிட்டியா, தண்ணி குடிச்சியா, அங்கே மழையா வெயிலா என்று மூன்று கேள்விகளையும் கேட்பது அம்மாதான்.